டப்பா அப்படியே திரும்பி வருகிறது: போன் மட்டும்தான் காரணமா?

கேள்வி இதுதான். தாராவியில் இருக்கும் ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. தீபாவளிக்கு அப்புறம் பள்ளிக்கூடச் சாப்பாட்டு டப்பா பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வருகிறது. வீட்டில் யார் போட்டோ எடுத்தாலும் பின்னால் போய் நின்றுகொள்கிறாள். "நான் கறுப்பு, குண்டு" என்று ஒரு நாள் அழுதிருக்கிறாள். தலைசுற்றுகிறது என்று பள்ளியிலிருந்து ஒரு தடவை போனும் வந்துவிட்டது. எல்லாம் இன்ஸ்டாகிராம் பண்ணுகிற வேலை என்று அப்பா அவள் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அது சரியா, இந்த எண்ணம் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார்.

மும்பையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆலோசகராக வேலை பார்க்கிறவள் நான். மாட்டுங்கா, செம்பூர், தாராவி, சயான் கோலிவாடா என்று தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேரைப் பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று: தலைசுற்றல் வந்திருக்கிறது என்பதால் டாக்டரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே போங்கள். எப்படிப் போவது என்று கடைசியில் சொல்கிறேன்.

போனுக்குப் பங்கு உண்டு. ஆனால் வரிசையில் அது மூன்றாவதாக வருகிறது. முதலில் உடம்பு மாறுகிறது. அப்புறம் சுற்றி இருக்கிறவர்கள் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சை மனசில் வைத்துக்கொண்டுதான் பிள்ளை போனைத் திறக்கிறது. போனை மட்டும் எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

உடம்பிலிருந்து தொடங்குவோம். பெண் பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள், பையன்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள் பருவ மாற்றம் ஆரம்பிப்பது இயல்பு. வளர்ந்து முடித்த ஒருவரின் எடையில் ஏறக்குறையப் பாதி இந்தச் சில வருடங்களில் ஏறுவதுதான். பெண்களுக்கு இடுப்பிலும் தொடையிலும் மார்பிலும் கொழுப்பு சேர்ந்தே ஆகவேண்டும். மாதவிடாய் ஒழுங்காக வருவதற்கே அது தேவை. பருவம் முடிகிறபோது ஒரு பெண்ணின் எடையில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு கொழுப்பாக இருப்பது ஆரோக்கியமான கணக்குதான். பையன்களுக்குத் தசை கூடுகிறது. இதில் ஒரு அநியாயம் இருக்கிறது, கவனியுங்கள். சினிமாவும் விளம்பரமும் கேட்கிற உடம்பை நோக்கி இயற்கை பையனைக் கொஞ்சம் நகர்த்துகிறது, பெண்ணை அதிலிருந்து தள்ளிக்கொண்டு போகிறது. நேற்று வரை ஒல்லியாக ஓடிக்கொண்டிருந்தவள் இன்று யூனிஃபார்ம் இறுக்குகிறது என்கிறாள். அவள் வளர்கிறாள், அவ்வளவுதான். எடை உண்மையிலேயே அதிகமா என்று தெரிய, பெரியவர்களுக்கான பிஎம்ஐ (உயரத்தோடு எடையை ஒப்பிடுகிற) கணக்கைப் போட்டுப் பார்க்காதீர்கள். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 5 முதல் 18 வயது வரைக்கும் தனியாக வளர்ச்சி வரைபடம் வைத்திருக்கிறது, 2015இல் திருத்தி வெளியிட்டது. குழந்தை மருத்துவர் அதில் புள்ளி வைத்துப் பார்த்துச் சொல்வார். பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துச் சொல்கிற விஷயமில்லை இது.

வகுப்பில் முதல் ஆளாக வயதுக்கு வருகிற பெண்ணுக்குத்தான் அடி அதிகம். கூட்டமான லோக்கல் ரயிலில் ஸ்கூல் பையை முன்பக்கம் கட்டிப் பிடித்துக்கொண்டு கூன்போட்டு நிற்கிற சின்னப் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். கல்லியில் (சந்தில்) நடந்தால் ஒரு பார்வை, தண்ணீர் பிடிக்கப் போனால் ஒரு பார்வை. வீட்டில் "துப்பட்டாவை ஒழுங்கா போடு" என்று பத்துத் தடவை சொல்கிறோம். பார்க்கிறவன்மேல்தான் தப்பு என்று ஒரு தடவையாவது சொல்கிறோமா? சொல்லாவிட்டால், தப்பு தன் உடம்பில்தான் இருக்கிறது என்று அவள் முடிவுகட்டிவிடுகிறாள்.

போதாக்குறைக்கு நம்முடைய சடங்கு. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் மும்பையிலும் அதை விடாமல் செய்கின்றன. செய்யவேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது உங்கள் விருப்பம். ஆனால் அந்த நாளைப் பிள்ளையின் இடத்திலிருந்து பாருங்கள். எங்கேயாவது ஒளிந்துகொள்ளலாமா என்று இருக்கிற வயதில் ஹாலின் நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைக்கிறோம். வாசலில் அவள் படத்தோடு ஃபிளெக்ஸ். பார்லர்காரி போட்ட மேக்கப்பில் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், வளையல் போட்ட கை இன்னொரு நிறம். போட்டோக்காரர் தன் பங்குக்குக் கம்ப்யூட்டரில் இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்கித் தருகிறார். அந்தப் படத்தைத்தான் பிரேம் போட்டு ஹாலில் மாட்டுகிறோம். இத்தனை வருடமாக எடுத்த படங்களில் வீடு பெருமையாகச் சுவரில் மாட்டிய ஒரே படத்தில் அவள் நிறம் அவளுடையதாக இல்லை. இதற்கு இன்ஸ்டாகிராம் ஃபில்டர் எதற்கு? அந்த வேலையை நாமே முடித்துவிட்டோம்.

இந்த வயதில் எல்லாரும் தன்னையே பார்ப்பதாகத் தோன்றுவதும் வளர்ச்சியின் ஒரு பகுதிதான். டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967இலேயே இதை எழுதியிருக்கிறார்: பதின்வயதுப் பிள்ளை கற்பனையான ஒரு பார்வையாளர் கூட்டத்தைத் தன்னைச் சுற்றி வைத்துக்கொண்டே நடக்கிறது. முகத்தில் ஒரு பரு வந்தால் வகுப்பு முழுக்க அதைப் பற்றித்தான் பேசுகிறது என்று நம்புகிறது. "உன்னை யாரு பார்க்கப்போறா?" என்று நாம் அலுத்துக்கொள்வது அவள் காதில் ஏறாது. அவளைப் பொறுத்தவரை எல்லாரும்தான் பார்க்கிறார்கள்.

இனிப் பேச்சு. மும்பைத் தமிழ்ப் பிள்ளைக்கு இது இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது. வகுப்பில் "காலி" (கறுப்பி), "மோட்டி" (குண்டச்சி), "மதராசி". இந்த மூன்றும் ஒரே மூச்சில் வந்து விழுவதை நான் கேட்டிருக்கிறேன். (ஆசிரியர்களும் சளைத்தவர்கள் இல்லை. ஆண்டுவிழா டான்ஸில் முன்வரிசையில் யார், பின்வரிசையில் யார் என்று பாருங்கள்.) மே மாத லீவுக்கு ஊருக்குப் போனால் அங்கே வேறு மாதிரி. பாம்பேயில் வளர்கிற பெண் என்றால் சினிமாக்காரி மாதிரி வந்து இறங்குவாள் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. ரயிலை விட்டு இறங்கினதும் ஆச்சி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "என்னட்டி இப்படிக் கறுத்துப் போயிட்ட, பாம்பே தண்ணி ஒத்துக்கலையா?" என்பார். அத்தை "நல்லா ஊதிட்டா" என்பார். சித்தி மகள் எவ்வளவு சிவப்பு என்று ஒரு பேச்சு நடக்கும். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் வகுப்பில் எவனோ சொன்னதை, "அவன் கிடக்கான்" என்று தள்ளியிருக்கக்கூடிய பிள்ளை, ஆச்சியும் அதையே சொன்னபிறகு எங்கே தள்ளும்? ஆச்சி பொய் சொல்லமாட்டார் அல்லவா.

ஆராய்ச்சிகளும் இதைத்தான் சொல்கின்றன. உடம்பைப் பற்றிய எண்ணத்தை உருவாக்குபவர்கள் பெற்றோர், கூட்டாளிகள், ஊடகம் என்ற மூன்று பேர். பிள்ளைகள் அந்த அளவுகோலை உள்ளே வாங்கிக்கொண்டு தங்களை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்று கெவின் தாம்சன் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1999இல் ஒரு கோட்பாட்டை வகுத்தார்கள். அமெரிக்காவில் மினசோட்டாவில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், வீட்டில் எடையைப் பற்றிப் பேச்சு நடந்த பிள்ளைகள்தான் பட்டினி கிடப்பது போன்ற தவறான வழிகளில் அதிகம் இறங்கினார்கள். எடையை விட்டுவிட்டு ஆரோக்கியமான சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசிய வீடுகளில் அது குறைவு. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: பதின்வயதில் டயட் இருந்தவர்கள் ஐந்து வருடம் கழித்து, இருக்காதவர்களைவிட எடை கூடியே இருந்தார்கள். "கொஞ்சம் சாதத்தைக் குறைச்சுக்கோ" என்று நல்லதுக்குச் சொல்கிறவர்கள் இதை யோசிக்கவேண்டும்.

அம்மாக்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. நீங்கள் மகளைப் பற்றி ஒன்றுமே சொல்லாதவராக இருக்கலாம். ஆனால் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது நிலைக்கண்ணாடி முன்னால் நின்று, "இந்தப் புடவையில குண்டாத் தெரியறேனா?" என்று கேட்கிறீர்களே, அதை அவள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

ஊடகம் போனோடு பிறந்ததில்லை. ஃபேர் அண்ட் லவ்லி 1975இல் கடைக்கு வந்தது, இதே மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்திலிருந்து. உங்கள் அம்மாவும் அதன் விளம்பரத்தைப் பார்த்துத்தான் வளர்ந்திருப்பார். 2005இல் வேறொரு நிறுவனத்திலிருந்து ஆண்களுக்கென்று தனியாக ஒரு கிரீம் வந்தது. 2020இல் ஃபேர் அண்ட் லவ்லியின் பெயரிலிருந்து ஃபேர் என்ற சொல்லை எடுத்துவிட்டு குளோ என்று பெயரை மாற்றினார்கள். அதே வருடம் மும்பையிலிருந்து நடக்கிற ஷாதி டாட் காம் தோல் நிறத்தை வைத்துத் தேடுகிற வசதியை எடுத்தது. எடுத்தது நல்லதுதான், ஆனால் நம் தரகர்களும் சொந்தக்காரர்களும் அந்த வசதியை இன்னும் கையில் வைத்திருக்கிறார்கள்.

படம் எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதற்கு ஃபிஜித் தீவுக் கதையைச் சொல்லவேண்டும். அங்கே நன்றாகச் சாப்பிடுவதும் வாட்டசாட்டமாக இருப்பதும் மரியாதைக்குரிய விஷயமாக இருந்தன. 1995இல் நட்ரோகா பகுதிக்கு டிவி வந்தது. ஹார்வர்டைச் சேர்ந்த ஆன் பெக்கர், டிவி வந்த சில வாரங்களிலும், பிறகு 1998இலும் பள்ளி மாணவிகளிடம் ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்டார். எடைக்காக வாந்தி எடுப்பதாக முதல் தடவை ஒருத்திகூடச் சொல்லவில்லை. மூன்று வருடம் கழித்து 11 சதவீதம் பேர் சொன்னார்கள். இன்டர்நெட் இல்லை, ரீல்ஸ் இல்லை, வெறும் டிவி.

இப்போது போனுக்கு வருகிறேன். 2021இல் ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆவணங்கள் வெளியே வந்தன. அதில் ஒரு வரி: தங்கள் உடம்பைப் பற்றி மோசமாக உணர்ந்த நேரத்தில் இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்கியது என்று பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதம் பேர் சொல்லியிருக்கிறார்கள். அந்த வாக்கியத்தின் முன்பாதியைப் பாருங்கள். அந்த உணர்வு முதலிலேயே இருக்கிறது, போன் அதைப் பெரிதாக்குகிறது. ஒரு பெண் ஒரு மேக்கப் வீடியோவைக் கொஞ்சம் நேரம் நின்று பார்த்தால் அடுத்தது அதேபோல் நாலு வரும். அவள் கவலைப்படுவதைப் போன் கண்டுபிடித்து, கவலைக்குத் தீனி போடுகிறது. பையன்களுக்கும் இது நடக்கிறது.

செல்ஃபி விஷயத்தில் ஒரு சின்னச் சோதனை, உங்கள் மகளோடு செய்து பாருங்கள். போனை ஒரு அடி தூரத்தில் பிடித்து ஒரு படம். அப்புறம் அவளை நிற்கவைத்து ஐந்தடி தள்ளி நின்று நீங்கள் ஒரு படம். இரண்டிலும் மூக்கை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு அடியில் எடுத்த படத்தில் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். லென்ஸுக்குப் பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். "மூக்கு சப்பையா, பெருசா இருக்கு" என்று அழுகிற பிள்ளைகளுக்கு நான் சொல்கிற எந்த ஆறுதலும் இந்த இரண்டு படங்கள் அளவுக்கு வேலை செய்வதில்லை.

போனைப் பிடுங்கியது சரியா என்றால், என் பதில்: நேரத்தைக் குறைத்தது சரி, தண்டனையாகச் செய்தது சரியில்லை. 2023இல் வெளிவந்த ஒரு கனடா ஆய்வில், 17 முதல் 25 வயதுக்குள் இருந்தவர்கள் மூன்று வாரம் சமூக ஊடகத்தை நாளுக்கு ஒரு மணி நேரமாகக் குறைத்தார்கள். தங்கள் தோற்றத்தைப் பற்றிய எண்ணம் அதற்குள்ளேயே மேம்பட்டது. முழுக்க நிறுத்தவேண்டிய தேவையே வரவில்லை. உங்கள் மகள் அழுது ஒரு உண்மையைச் சொன்னாள், மறுநாள் போன் போய்விட்டது. அடுத்த தடவை சொல்லுவாளா? திருப்பிக் கொடுங்கள். ராத்திரி படுக்கைக்குப் போன் போகக்கூடாது, அது அப்பாவின் போனுக்கும் சேர்த்து. ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு என்னென்ன வருது, காட்டேன்" என்று கேளுங்கள். திட்டாமல் பாருங்கள். உடம்பை ஒல்லியாக்குகிற வீடியோக்களைத் தொடர்ந்து "விருப்பமில்லை" என்று அழுத்தினால் வருவது குறையும். அதை அவளே செய்யட்டும்.

நிறத்துக்காகக் கிரீம் வாங்குகிற பழக்கம் வீட்டில் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்குகிற சில கிரீம்களில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் சில நாள் முகம் பளிச்சென்று ஆகும், அப்புறம் தோல் மெலிந்து சிவந்து பரு வெடிக்கும், நிறுத்தினால் முன்னைவிட மோசமாகும். பேர் தெரியாத கம்பெனி கிரீம்களில் பாதரசம் இருக்கலாம். கேரளத்தில் கோட்டக்கல் மருத்துவர்கள் 2021க்கும் 2023க்கும் இடையில் பார்த்த ஒரு குறிப்பிட்ட சிறுநீரகப் பாதிப்பில் 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள்.

கழுத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. கழுத்தின் பின்பக்கமும் அக்குளும் வெல்வெட் துணிபோலத் தடித்துக் கறுத்திருக்கும். அம்மா அதை அழுக்கு என்று நினைத்து, கடலை மாவும் தயிரும் பூசி, பீர்க்கங்காய் நாரால் தேய் தேய் என்று தேய்ப்பார். பிள்ளை வலியில் நெளியும். அது அழுக்கே இல்லை. பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததற்கான அடையாளம் அது. பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கிற பெண்களிடமும் காணப்படும். தேய்ப்பதால் போகாது, இன்னும் கறுக்கும். உங்கள் மகளுக்கு அப்படி இருந்தால் டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

கேட்டது மகளைப் பற்றி. ஆனாலும் பையன் வைத்திருக்கிறவர்களும் படிப்பார்கள் என்பதால் ஒரு பத்தி. எனக்குத் தெரிந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் மும்பை அக்டோபர் வெயிலில் சட்டைக்குள் இரண்டு பனியன் போட்டுக்கொண்டு வருவான். பி.டி. பீரியடில் ஓடமாட்டான். மார்பு கொஞ்சம் வளர்ந்திருந்ததுதான் காரணம். பருவ வயதில் பாதிக்கு மேற்பட்ட பையன்களுக்கு இது வருகிறது, பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் தானாகவே போய்விடுகிறது. யாராவது ஒருவர் இதை அவனிடம் சொல்லியிருந்தால் ஒரு வருடக் கஷ்டம் மிச்சமாகியிருக்கும். கல்லிக்குக் கல்லி இருக்கிற ஜிம்மில் உடற்பயிற்சி செய்வதில் தப்பில்லை. ஆனால் ட்ரெய்னர் கொடுக்கிற ஊசி, மாத்திரை பக்கம் போகவேண்டாம். வளர்கிற வயதில் அனபாலிக் ஸ்டீராய்டு எடுத்தால் எலும்பின் நுனிகள் சீக்கிரம் மூடிக்கொண்டு உயரம் நின்றுபோகும்.

வீட்டில் செய்யவேண்டியது பெரிய வேலை ஒன்றும் இல்லை, ஆனால் கஷ்டமானது: யாருடைய உடம்பைப் பற்றியும் பேசாமல் இருப்பது. மகள் உடம்பு, உங்கள் உடம்பு, டிவியில் வருகிற நடிகை உடம்பு, மாடிவீட்டு மருமகள் உடம்பு எதுவும் வேண்டாம். "நீ அழகுதான்டி" என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அழகுதான் முக்கியம் என்பதை அதுவும் ஒத்துக்கொள்கிறது. "கறுப்பு, குண்டு என்று யார் சொன்னா, எப்போ சொன்னா?" என்று கேளுங்கள், பதில் வரும்வரை காத்திருங்கள். ராத்திரிச் சாப்பாட்டை எல்லாரும் சேர்ந்து சாப்பிடுங்கள், தட்டை எண்ணாதீர்கள். கபடியோ த்ரோபாலோ டான்ஸோ அவளுக்குப் பிடித்ததில் சேர்த்துவிடுங்கள், ஆனால் இளைக்கவேண்டும் என்ற பேச்சு அதில் வரக்கூடாது.

ஊருக்குப் போகிறதற்கு முன்னால் ஆச்சியிடமும் அத்தையிடமும் போனில் சொல்லிவிடுங்கள். சொன்னாலும் பேச்சு வரத்தான் செய்யும். அப்போது அவள் காதுபடவே நீங்கள் பதில் சொல்லவேண்டும்: "வளர்ற வயசு அத்தை, நல்லாச் சாப்பிடட்டும். நிறமெல்லாம் அவ அப்பா மாதிரி, எங்களுக்குப் பிடிச்சிருக்கு." அத்தைக்குக் கொஞ்சம் முகம் வாடும். வாடட்டும்.

கடைசியாக டாக்டர் விஷயம். சாப்பாட்டைத் தவிர்ப்பதோடு எடை இறங்குவது, மூன்று மாதமாக மாதவிடாய் வராதது, சாப்பிட்டவுடன் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது, எப்போதும் குளிர்கிறது என்பது, முடி கொட்டுவது, மயக்கம் இவற்றில் எது இருந்தாலும் தாமதிக்கக்கூடாது. மனநோய்களில் உயிராபத்து அதிகமானவற்றில் சாப்பாட்டுக் கோளாறுகளும் சேரும். செத்துப்போகலாம் போல இருக்கிறது என்ற மாதிரி ஏதாவது சொன்னால் அன்றைக்கே போகவேண்டும். உங்களுக்குச் சயான் ஆஸ்பத்திரி பக்கம். குழந்தைகள் பிரிவும் மனநலப் பிரிவும் அங்கேயே இருக்கின்றன. முதலில் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். ரத்தசோகையும் பார்க்கச் சொல்லுங்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு அது இருந்தது, தலைசுற்றலுக்கு அதுவும் ஒரு காரணம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். அதற்கு நீங்களே முதலில் கூப்பிட்டு எப்படிப் பேசுவது என்று கேட்கலாம்.

அவளைக் கூட்டிப்போகும்போது எடை பார்க்கப் போகிறோம் என்று சொல்லாதீர்கள். "தலைசுற்றுதுன்னு சொன்னியே, ஏன்னு கேட்டுட்டு வருவோம்" என்றால் போதும். எடைமேடையில் ஏறும்போது எண்ணைச் சத்தமாகப் படிக்கவேண்டாம் என்று நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கொஞ்ச நேரம் அவள் டாக்டரிடம் தனியாகப் பேசட்டும், நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள்.